டி பத்தியில் இரண்டு டிக்

பிப்ரவரி. படகு மூன்று நாளாக வரவில்லை.
பதினொரு பிள்ளைகளின் விருப்பப் படிவங்கள்
என் மேசையில், ஈரக் கையுறைகளுக்குப் பக்கத்தில்.
ஏ முதல் ஈ வரை ஐந்து பத்திகள்.
பத்திக்கு ஒரு டிக்.
ஒரு வாழ்க்கையை இதைவிட எளிதாகக்
கேட்டுவிட முடியாது என்றுதான்
அளவுகோல் வைத்து வரைந்திருந்தேன்.

மர்டீனா மெக்நீலின் தாளில்
டி பத்தியில் இரண்டு டிக்.
இயற்பியல். வரலாறு.
கைதவறிய மை அல்ல.
இரண்டிலும் ஒரே அழுத்தம்;
தாளின் பின்புறம் தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

கூப்பிட்டேன்.
"கப்பல் வடிவமைப்பு என்று எழுதியிருக்கிறாய்.
கிளாஸ்கோவில் என்னென்ன கேட்கிறார்கள், பார்த்தாயா?"
"கணிதம் கேட்கிறார்கள். இயற்பியல் கேட்கிறார்கள்."
"வரலாறு?"
"அதை யாரும் கேட்கவில்லை.
அதனால்தான் நான் கேட்கிறேன்."

ஒரு உறையில் இரண்டு கத்தி எப்படி என்று
சொல்ல வாயெடுத்தேன்.
உறையைத் தைத்தவள் நான்தான்.

பத்திகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல.
போன நவம்பரில், இதே நாற்காலியில்,
இவை இரண்டும் சேர்ந்து
இந்தத் தீவில் எவருக்கு வேண்டியிருக்கும் என்று
நானே கேட்டு, நானே பதில் சொல்லி,
ஒரே பெட்டியில் போட்டு மூடினேன்.

அவள் அப்பா படகுத்துறையிலிருந்து அழைத்தார்.
பாதிப் பேச்சைக் காற்று தின்றது.
"நாலு வருஷம்... வாடகை... அப்புறம் வேலை..."
மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.
இயற்பியலைப் போட்டுவிடுங்கள் என்றாரா,
அவளிடமே விட்டுவிடுங்கள் என்றாரா,
இன்றுவரை தெரியாது.

ஞாயிறு இரவு.
வரலாற்றை பி-க்கு நகர்த்தினேன்.
அங்கே ரூரியின் உயிரியல் இடித்தது.
அவன் செவிலியர் படிப்புக்குப் போகிறவன், தொடக்கூடாது.
உயிரியலை ஈ-க்குத் தள்ளினால்
அந்த நேரத்தில் ஆய்வகத்தில்
இரண்டாம் ஆண்டுப் பொடிசுகள்
எதையாவது பற்றவைத்துக்கொண்டிருக்கும்.
இயற்பியலை நகர்த்தலாமா?
அதற்கும் வேதியியலுக்கும் ஒரே கோனல்;
அவரை இரண்டாக வெட்டப் பள்ளியிடம் நிதி இல்லை.
பாட அட்டைகள் தரையெங்கும்.
நாய் வந்து
பிரெஞ்சு மொழியின் மேல் படுத்துக்கொண்டது.

மணி ஒன்றுக்கு ஒரு வழி தெரிந்தது.
சி பத்தியில் புவியியல்.
பன்னிரண்டு வருடமாக நான் நடத்துவது.
இந்த முறை சேர்ந்தவர்கள் இரண்டு பேர்,
அவர்கள் ஸ்டோர்னோவே ஆசிரியரிடம்
திரை வழியாகப் படித்துக்கொள்ளலாம்.
அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
காலி இடத்தில் வரலாறு
அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.
பனியாறு பள்ளத்தாக்கைக் குடையும் விதத்தை
இனி யாருக்கும் நான் சாக்கட்டியால் வரைந்து காட்டப்போவதில்லை.
அது அன்றைக்கு உறைக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை, பல் துலக்கும்போது உறைத்தது.

மர்டீனாவிடம் சொன்னேன்.
"சரி" என்றாள்.
பதினைந்து வயதின் நன்றி அவ்வளவுதான் இருக்கும்,
அதுவே அதிகம்.

ஜூன். புது அட்டவணை தொடங்கி ஆறாம் நாள்.
கதவைத் தட்டிவிட்டு
உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள்.
கப்பல் இன்னும் இருக்கிறதாம். இயற்பியலும் இருக்கட்டுமாம்.
வரலாறு மட்டும் வேண்டாமாம்.
"பிடித்திருந்தது மிஸ்.
பாடமான பிறகு பிடிக்கவில்லை."

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே படகு சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது,
வருடத்தில் நாலு மாதம் அது அப்படித்தான்,
எல்லாம் திட்டப்படி நடப்பதுபோல.

"சி-யில் வேறு என்ன இருக்கிறது?"
"ஓவியம்."
"புவியியல் இருந்ததே?"
"இருந்தது."

என் பேனாவையே வாங்கி
ஓவியத்துக்கு நேரே டிக் போட்டாள்.
அவள் போன பிறகு தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தேன்.
வழவழவென்றிருந்தது.